நிரலக ஆவணங்களில் எடுத்துக்காட்டுகள்: சரிபார்ப்பும் காலப்பொருத்தமும்

நிரலகம் என்பது பிறர் எழுதிப் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்திருக்கும் நிரல்களின் தொகுப்பு. நடைமுறையில் லைப்ரரி என்றே வழங்கப்படுகிறது. ஒரு நிரலகத்தின் ஆவணத்தைத் திறப்பவர் முதலில் தேடுவது விளக்கப் பத்தியை அல்ல, எடுத்துக்காட்டு நிரலைத்தான். நான்கைந்து வரிகளைப் படியெடுத்துத் தம் கோப்பில் ஒட்டி இயக்கிப் பார்ப்பார். ஓடினால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஓடாவிட்டால்தான் விளக்கத்தைப் படிப்பார். ஆவணத்தை எழுதுவோருக்கும் இது தெரியும். இருந்தும் நிரலகம் மாறும்போது கடைசியாகக் கவனிக்கப்படுவது எடுத்துக்காட்டுதான்.

இந்தக் குறையைப் போக்க நிரல்மொழிகள் கண்ட வழி, எடுத்துக்காட்டுகளை இயந்திரத்தைக் கொண்டே சோதிப்பது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக வளர்ந்துவரும் இந்த ஏற்பாடு பெரும் பயன் தந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கிடைத்துள்ள பாராட்டில் ஒரு பிழையும் கலந்திருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டு சொன்னபடி ஓடுகிறதா என்பதை இயந்திரம் சொல்லும். இன்றைக்கு அதை ஒருவருக்குக் கற்றுத்தரலாமா என்பதை அது சொல்லாது. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்ளும் பழக்கமே இங்கு விமர்சிக்கப்படுகிறது.

சோதனையின் தோற்றம்

பைத்தான் மொழியில் டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட் என்ற கூறு, 2001ஆம் ஆண்டு வெளியான 2.1 பதிப்பில் மொழியின் செந்தர நிரலகத்தில் சேர்க்கப்பட்டது. அதன் கருத்து மிக எளியது. பைத்தானை ஊடாடும் முறையில் பயன்படுத்தும்போது திரையில் மூன்று கோணக்குறிகளுக்குப் பின் கட்டளையும், அடுத்த வரியில் விடையும் தோன்றும். அந்தத் திரைக்காட்சியை அப்படியே ஆவணத்தில் ஒட்டிவிட்டால் போதும். டாக்டெஸ்ட் அதைப் படித்து, கட்டளையை மீண்டும் இயக்கி, கிடைக்கும் விடையும் எழுதப்பட்டிருக்கும் விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கும். எடுத்துக்காட்டையும் சோதனையையும் தனித்தனியே எழுத வேண்டிய தேவை இல்லாமல் போனது.

கோ மொழி வேறு வழியில் சென்றது. அங்கே எடுத்துக்காட்டு ஒரு தனிச் செயற்கூறாகச் சோதனைக் கோப்பில் எழுதப்படும்; எதிர்பார்க்கும் வெளியீடு அதன் இறுதியில் குறிப்புரையாக இருக்கும். ஆவணப் பக்கத்தில் தெரிவது அந்தச் செயற்கூறின் உடல்தான். வெளியீட்டுக் குறிப்பு இல்லாத எடுத்துக்காட்டு தொகுக்கப்படும், ஆனால் இயக்கப்படாது. இந்த வேறுபாடு ஆவணத்தைப் படிப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ரஸ்ட் மொழியில் ஆவணக் குறிப்புரைக்குள் எழுதப்படும் நிரல்கள் எல்லாம் வழக்கமான சோதனைக் கட்டளையோடு சேர்ந்தே தொகுக்கப்பட்டு ஓடும். வேண்டாமென்றால் வெளிப்படையாக விலக்கு கேட்க வேண்டும். சோதிப்பதையே இயல்பாக வைத்ததில் ரஸ்டின் ஏற்பாடு மற்றவற்றை விஞ்சுகிறது. ஜாவா மிகவும் தாமதமாக, 2022 மார்ச்சில் வெளியான 18ஆம் பதிப்பில், ஆவணத்தில் நிரல்துண்டுகளைச் சேர்ப்பதற்கென்றே ஒரு குறிச்சொல்லைக் கொண்டுவந்தது. துண்டை வெளிக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதைப் பிற கருவிகளால் சோதிக்க முடியும். ஆவணக் கருவி தானே அதைத் தொகுக்காது, இயக்காது என்பது அந்த முன்மொழிவிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இயந்திரம் பிடிக்கும் பிழைகள்

பைத்தான் இரண்டாம் தலைமுறையிலிருந்து மூன்றாம் தலைமுறைக்கு மாறிய கதை சோதனையின் மதிப்பைக் காட்டும். 2008 டிசம்பரில் 3.0 வெளியானபோது, அச்சிடும் பிரிண்ட் கூற்று செயற்கூறாக மாற்றப்பட்டது. அடைப்புக்குறி இல்லாத பழைய எடுத்துக்காட்டுகள் எல்லாம் முதல் வரியிலேயே பிழை காட்டின. இது எரிச்சலூட்டும் மாற்றம்தான், ஆனால் ஆபத்தில்லாதது. ஓடாத எடுத்துக்காட்டு யாரையும் ஏமாற்றுவதில்லை.

வகுத்தலில் வந்த மாற்றம் அப்படிப்பட்டதல்ல. பழைய பைத்தானில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3 கிடைக்கும், புதியதில் 3.5. சராசரி கணக்கிடும் ஒரு எடுத்துக்காட்டு இரண்டிலும் பிழையின்றி ஓடும், விடை மட்டும் வேறாக இருக்கும். ஆவணத்தில் விடையும் எழுதப்பட்டு டாக்டெஸ்ட் சோதனையும் இருந்தால் இது அன்றே பிடிபடும். விடை எழுதப்படாத எடுத்துக்காட்டில் யாராவது முறையிடும்வரை பிடிபடாது. பழைய நிரலைப் புதிய வடிவுக்கு மாற்றித் தரும் 2டு3 என்ற கருவியில், டாக்டெஸ்ட் எடுத்துக்காட்டுகளை மாற்றுவதற்கென்றே தனி விருப்பம் இருந்தது. ஆவணமும் நிரலின் பகுதிதான் என்று அதைச் செய்தவர்கள் கருதியதற்கு அது சான்று.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதற்கும் ஒரு விலை உண்டு. எண் கணக்கீட்டுக்கான நம்பை நிரலகத்தின் 1.14 பதிப்பு 2018 ஜனவரியில் வந்தபோது, அணிகளை அச்சிடும் முறையில் சில இடைவெளிகள் நீக்கப்பட்டன. கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் நம்பையைச் சார்ந்த நிரலகங்களின் ஆவணச் சோதனைகள் விழுந்தன. பழைய 1.13 வடிவிலேயே அச்சிடச் சொல்லும் விருப்பம் ஒன்றை நம்பை குழுவினர் சேர்த்துத் தர வேண்டியிருந்தது. 2024 ஜூனில் 2.0 வந்தபோது அதே கதை பெரிய அளவில் நடந்தது. முன்பு வெறும் 3.0 என்று காட்டப்பட்ட தனி எண், இப்போது அது நம்பையின் 64 பிட் மிதவை எண் என்ற அடையாளத்தோடு காட்டப்படுகிறது. இம்முறையும் பழைய வடிவுக்குத் திரும்பும் விருப்பம் தரப்பட்டது.

சோதனைகளை உடனே பச்சையாக்க அந்த விருப்பத்தை இயக்கிவிடுவது எளிது. ஆனால் 1.14இல் போனது வெற்று இடைவெளி, 2.0இல் வந்தது செய்தி. திரையில் தெரியும் எண் பைத்தானின் சொந்த எண் அல்ல, நம்பையின் எண் என்பதைப் புதிய வடிவம் சொல்கிறது. பழைய வடிவை வைத்துக்கொள்ளும் ஆவணத்தைப் பார்த்துப் படிப்பவர், தம் திரையில் வேறொன்று தெரிவதைக் கண்டு தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைப்பார். அத்தகைய ஆவணத்தில் சோதனை தேறிவிடுகிறது, வாசகர்தான் குழம்புகிறார். ஆவணத்தைச் சோதிப்பது யாருக்காக என்பதை மறந்துவிட்ட நிலை இது.

சோதனைக்கு அகப்படாதவை

தேறிய சோதனை எந்த அளவுக்கு ஏமாற்றலாம் என்பதற்குப் பைத்தானின் யூடிசிநவ் என்ற செயற்கூறைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இப்போதைய உலகப் பொது நேரத்தை அது தரும். பெயரிலேயே பொருள் விளங்குவதால் பல ஆண்டுகளாக எண்ணற்ற எடுத்துக்காட்டுகளில் இடம்பெற்றது. ஆனால் அது தரும் நேரத்தில், தான் எந்த நேர மண்டலத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பு இருக்காது. குறிப்பில்லாத நேரத்தைப் பைத்தானின் பிற செயற்கூறுகள் உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். அதை 1970 முதல் கடந்த வினாடிகளாக மாற்றக் கேட்டால் சிக்கல் தொடங்கும்.

சென்னையில் நண்பகல் 12 மணிக்கு ஒருவர் இந்த எடுத்துக்காட்டை இயக்குவதாகக் கொள்ளலாம். யூடிசிநவ் 6.30 என்று சரியாகத் தரும். வினாடியாக மாற்றும் செயற்கூறு அதைச் சென்னையின் காலை 6.30 என்று கொள்ளும். அதாவது உலகப் பொது நேரம் 1.00. விடையில் ஐந்தரை மணி நேரம், 19,800 வினாடிகள், குறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதே நிரலைக் குளிர்காலத்தில் லண்டனில் இயக்கினால் விடை மிகச் சரியாக இருக்கும். சோதனைகள் ஓடும் சேவையகங்களும் வழக்கமாக உலகப் பொது நேரத்திலேயே வைக்கப்பட்டிருப்பவை. எனவே எத்தனை முறை சோதித்தாலும் பிழை அங்கே தெரியப் போவதில்லை. கொழும்பிலோ மதுரையிலோ வருகைப் பதிவையோ வங்கிப் பரிமாற்றத்தையோ பதியும் நிரலில் அது ஒட்டப்பட்ட பிறகுதான் தெரியும்.

இச்செயற்கூறைப் பற்றிய எச்சரிக்கை பைத்தான் ஆவணத்தில் முன்பே இருந்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பு அதைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்து, நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கேட்கும் வடிவைப் பரிந்துரைத்தது. அதன் பிறகு இதைப் பயன்படுத்தும் நிரல் ஓடும்போது எச்சரிக்கை எழுகிறது. ஆனால் டாக்டெஸ்ட் ஒப்பிடுவது வழக்கமான வெளியீட்டை மட்டுமே. எச்சரிக்கைகளோ பிழைகளுக்கான தனி வழியில் செல்கின்றன. கைவிடப்படும் செயற்கூறைக் கற்றுத்தரும் எடுத்துக்காட்டு, அந்த எச்சரிக்கையை எழுப்பிக்கொண்டே, சோதனையில் தேறிவிடும். தவிர, நேரம் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் இத்தகைய எடுத்துக்காட்டுகளில் விடையின் இடத்தில் மூன்று புள்ளிகளை வைத்து எதையும் ஏற்கச் சொல்வார்கள், அல்லது சோதனையைத் தவிர்க்கச் சொல்லும் குறியை இடுவார்கள். சோதனை மிகவும் தேவைப்பட்ட இடத்திலேயே அது அணைத்து வைக்கப்படுகிறது.

இதற்குச் செய்யக்கூடியது கடினமானதல்ல. எச்சரிக்கைகளைப் பிழைகளாகவே நடத்தும் விருப்பம் பைத்தானில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆவணச் சோதனையை அந்த விருப்பத்தோடு இயக்கினாலே கைவிடப்படும் செயற்கூறுகள் கொண்ட எடுத்துக்காட்டுகள் எல்லாம் வரிசையாக விழும். நேரம் தொடர்பானவற்றை உலகப் பொது நேரத்தில் ஒரு முறையும், அரை மணி வேறுபாடு உள்ள மண்டலம் ஒன்றில் ஒரு முறையும் ஓட்டலாம். இவற்றைச் செய்யாமல் எல்லாம் சோதிக்கப்பட்டவை என்று ஆவணத்தின் முகப்பில் பச்சைப் பட்டையை ஒட்டிவைப்பதில் பெரிய பொருளில்லை.

இடம் மாறினால் பொய்க்கும் எடுத்துக்காட்டு நேரத்தோடு முடிவதில்லை. ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்டு எழுதப்படும் சரச் செயற்கூறு எடுத்துக்காட்டுகளும் அவ்வகையே. தமிழ் என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. அச்சொல் முழுவதும் எழுத்துகளால் ஆனதா என்று கேட்டால், இல்லை என்ற விடை வருகிறது. ஒருங்குறி வகைப்பாட்டில் குறியும் புள்ளியும் எழுத்துகள் அல்ல. பயனரின் பெயரைச் சரிபார்க்க இந்தச் செயற்கூறைப் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு ஆங்கிலப் பெயருக்குத் தேறும். கார்த்திக், செல்வி போன்ற பெயர்களைத் தமிழில் எழுதினால் தள்ளிவிடும்.

புதுமையின் பெயரால்

காலத்துக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதை வெறும் தோற்ற மாற்றமாகக் கொள்வது எதிர்த்திசையில் செல்லும் பிழை. பைத்தானில் சரத்துக்குள் மதிப்புகளைப் பொருத்த முதலில் சதவீதக் குறி இருந்தது. பிறகு ஃபார்மட் என்ற செயற்கூறு வந்தது. 2016 டிசம்பரில் 3.6 பதிப்போடு எஃப்-சரம் வந்தது. எஃப்-சரம் படிக்க எளிது. ஆகவே பழைய ஆவணங்களில் சதவீதக் குறியைக் கண்ட இடமெல்லாம் எஃப்-சரமாக மாற்றத் தோன்றுவது இயல்பு.

ஆனால் பைத்தானின் பதிவேட்டு நிரலகமான லாக்கிங்கின் ஆவணத்தில் சதவீதக் குறி இன்றும் இருக்கிறது. பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காக என்று ஆவணமே காரணம் சொல்கிறது. வேறொரு நன்மையும் அதில் உண்டு. அந்த வடிவில் எழுதினால், செய்தி உண்மையிலேயே பதியப்படும்போது மட்டுமே மதிப்புகள் சரத்தில் பொருத்தப்படும்; எஃப்-சரத்தில் பதியப்படாவிட்டாலும் அந்த வேலை நடந்துவிடும்.

தரவுத்தள வினவல்களில் இது வேக வேறுபாட்டோடு நிற்காது. வினவலில் இடம்பிடித்து நிற்கும் கேள்விக்குறியோ சதவீதக் குறியோ சரத்தை வடிவமைப்பதற்கானது அல்ல. மதிப்பைத் தனியே அனுப்பி, அது கட்டளையாகப் படிக்கப்படாமல் காப்பதற்கானது. அதை எஃப்-சரமாக மாற்றினால் எடுத்துக்காட்டு அழகாகிவிடும், அதே விடையைத் தரும், சோதனையில் தேறும். ஆனால் பயனர் தட்டச்சு செய்யும் எதையும் கட்டளையாக ஏற்றுக்கொள்ளும் வாசல் ஒன்று திறந்துவிடும். பைத்தானின் எஸ்கியூலைட் ஆவணம் இந்த இடத்தில் தவறான வடிவை எழுதி, அதை எப்படி உடைக்கலாம் என்றும் காட்டி, பின்பு சரியான வடிவைத் தருகிறது. எதிர்மறை எடுத்துக்காட்டை இப்படித் துணிந்து வைக்கும் ஆவணங்கள் குறைவு.

எந்த வேகத்தில் மாற்றுவது என்பதும் எளிய கேள்வியல்ல. ரியாக்ட் நிரலகத்தில் ஹூக்ஸ் என்ற புதிய முறை 2019 பிப்ரவரியில் வந்தது. அதன் முதன்மை ஆவணமோ 2023 மார்ச் வரை வகுப்பு வடிவக் கூறுகளை வைத்தே அடிப்படைகளைக் கற்றுத்தந்தது. ஹூக்ஸ் தனிப் பகுதியாக ஓரத்தில் இருந்தது. இந்த நான்கு ஆண்டுகளில் ஆவணத்தைப் பார்த்துக் கற்றவர் ஒன்றைப் படித்துவிட்டு, அதற்குக் கிட்டத்தட்ட நேர்மாறான இன்னொன்றைப் பணியிடத்தில் காண நேர்ந்தது. அத்தனை எடுத்துக்காட்டுகளும் சரியாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. புதிய தளம் வந்தபோது பழையதை அழிக்காமல் வேறு முகவரிக்கு நகர்த்தியது நல்ல முடிவு. பழைய நிரலைப் பராமரிப்போருக்கும் ஆவணம் வேண்டும். ஆனால் நான்கு ஆண்டு இடைவெளியை அந்த நல்ல முடிவு ஈடுசெய்துவிடவில்லை.

கோ மொழியில் 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பு, ஐஓயுடில் தொகுப்பின் செயற்கூறுகளை வேறு தொகுப்புகளுக்கு மாற்றியது. பழையவை இன்றும் ஓடும். ஓடும் என்பது அம்மொழி கொடுத்திருக்கும் வாக்கு. பழைய நிரல் உடையாது என்ற அந்த உறுதியே, பழைய எடுத்துக்காட்டும் உடையாமல் நீடிக்க வழி செய்கிறது. ரஸ்டில் பிழையை மேலே கடத்தும் பழைய டிரை மேக்ரோவுக்கு மாற்றாகக் கேள்விக்குறி 2016 நவம்பரில் வந்தது. எடுத்துக்காட்டுகளில் கேள்விக்குறியையே பயன்படுத்த வேண்டும், பிழை வந்தால் நிரலையே நிறுத்திவிடும் அன்ராப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று ரஸ்ட் நிரலக வழிகாட்டி சொல்கிறது. வாசகர்கள் எடுத்துக்காட்டை அப்படியே படியெடுப்பார்கள் என்பதே அது சொல்லும் காரணம். எழுதுவோர் வசதிக்காக எழுதும் ஒரு சொல், படியெடுப்போரின் நிரலில் நிரந்தரமாகிவிடும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட விதி அது.

பக்கத்தை விட்டு வெளியேறிய நிரல்

பிஎச்பி மொழியின் பழைய மைஎஸ்கியூஎல் நீட்சியில், மதிப்பைத் தனியே அனுப்பும் வசதி இல்லை. ஒவ்வொரு மதிப்பையும் நிரலாளரே தப்புக்குறியிட்டுப் பாதுகாக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மறந்தாலும் போதும், தரவுத்தளம் திறந்துவிடும். 2013இல் 5.5 பதிப்பில் அது கைவிடப்படும் பட்டியலுக்குச் சென்றது. 2015 டிசம்பரில் 7.0 பதிப்பில் நீக்கப்பட்டது. கையேட்டின் அப்பக்கங்களில் எச்சரிக்கைப் பெட்டி வைக்கப்பட்டது. பைத்தானின் ஆதரவிழந்த பதிப்புகளுக்கான ஆவணப் பக்கங்களிலும் இது பழைய பதிப்பு என்ற பட்டை மேலே தெரியும். ஆனால் படியெடுக்கப்படுவது நிரல் மட்டும்தான். பெட்டியும் பட்டையும் பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. பாடநூல், வகுப்புக் குறிப்பு, பயிற்சித் தாள் என்று நிரல் வேறிடங்களுக்குச் சென்று குடியேறிய பிறகு மூலப் பக்கத்தைத் திருத்துவது அவற்றை எட்டாது. இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் அந்தப் பழைய படிகளிலிருந்தே கற்று அவற்றைத் திரும்பத் தருகின்றன.

இந்த இடத்தில் சைகிட்-லேர்ன் நிரலகம் செய்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. பாஸ்டன் நகர வீட்டு விலைத் தரவு, 506 வரிசைகள் கொண்டது, 1978இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. இயந்திரக் கற்றல் பாடங்களில் தொடக்க எடுத்துக்காட்டாக அதைக் காணாதவர் குறைவு. அதன் 13 பத்திகளில் ஒன்று, ஒரு பகுதியில் வாழும் கறுப்பின மக்களின் விகிதத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. இனப் பிரிவினை வீட்டு விலைக்கு நன்மை செய்யும் என்ற அனுமானம் அந்தக் கணக்கில் பொதிந்திருந்தது. எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. எண்கள் எல்லாம் சரியாகவே வந்தன. 2021 செப்டம்பரில் 1.0 பதிப்பு அத்தரவை ஏற்றும் செயற்கூறைக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில் 1.2 பதிப்பு நீக்கியது.

நீக்கியதோடு விட்டிருந்தால், பழைய பாடத்தைப் பின்பற்றும் மாணவருக்கு அப்படியொரு பெயரே இல்லை என்ற வழக்கமான பிழைச் செய்தி மட்டும் கிடைத்திருக்கும். அவர் தேடித்தேடிப் பழைய பதிப்பை நிறுவிக்கொண்டு அதே தரவைத் தொடர்ந்து பயன்படுத்தியிருப்பார். மாறாக, அந்தச் செயற்கூறை இறக்க முயல்பவரின் திரையிலேயே ஒரு நீண்ட செய்தி தோன்றும்படி அக்குழு எழுதியது. தரவு ஏன் நீக்கப்பட்டது என்ற காரணம் அதில் இருக்கிறது. கலிஃபோர்னியா வீட்டு விலைத் தரவையும் ஏம்ஸ் நகரத் தரவையும் மாற்றாக ஏற்றும் நிரல் வரிகள் இருக்கின்றன. தரவு அறிவியலிலும் இயந்திரக் கற்றலிலும் எழும் அறச் சிக்கல்களைப் பற்றிக் கற்பிப்பதற்காகப் பழைய தரவு வேண்டுமென்றால் அதை மூல இடத்திலிருந்து எடுக்கும் வரிகளும் இருக்கின்றன. ஆவணப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்காமல், யாரோ எழுதிய பழைய குறிப்பிலிருந்து படியெடுத்து இயக்குபவருக்கும் அச்செய்தி போய்ச் சேர்கிறது.